வாக்குத்தத்த அட்டையைக் காட்டி மருத்துவ நிதியை விட்டவன்

எண்பத்தேழாம் வருடம், கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. துணி காயப்போடப் போன என் மனைவி ரோஸ்லின், கொடிக்கயிற்றைப் பிடித்தபடியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "காயப்போட வேண்டியது துணிய, உன்னைய இல்ல" என்றேன். அவள் திரும்பவில்லை. அப்படியே சாய்ந்தாள்.

கட்டினவள் மயங்கி விழுகிற நேரத்திலும் கிண்டல் செய்த புருஷன் இந்தக் கொடைக்கானலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை எழுதும்போதே காது சுடுகிறது.

என் பெயர் பொன்னையா. மிஷன் பள்ளி விடுதியில் சமையல்காரன். சபையில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. போதகர் "ஜெபிப்போமாக" என்று சொல்லி முடிப்பதற்குள் என் வரிசையில் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவேன்.

எங்கள் பள்ளியில் வேலை செய்கிறவர்கள் மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கைப் போட்டு மருத்துவ உதவி நிதி வைத்திருக்கிறோம். யாருக்கு நோய் வந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவு அதிலிருந்து போகும். ஒவ்வொரு டிசம்பரிலும் கூட்டம் போட்டு, வருகிற வருடம் யார் யார் இருக்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன தேவை என்று பார்ப்போம். நானும் அதில் இருந்தவன்தான், எண்பத்தேழாம் வருடம் பிறக்கும்வரை.

அந்தப் புதுவருட ஆராதனையில் எல்லோரையும் போல நானும் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில், அந்த வருடத்துக்கென ஆளுக்கொரு வசனம் அச்சிட்டவற்றில், ஒன்றை எடுத்தேன். வாதை என் வீட்டுப் பக்கமே வராது என்கிற வசனம் எனக்கு வந்தது. சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று அட்டையை உயர்த்திக் காட்டி, "எனக்கு மேலயிருந்தே பாலிசி வந்துருச்சுங்க. மாசாமாசம் கட்டுற சோலியே இல்ல!" என்றேன். சபை குலுங்கியது. பின்னாலிருந்து ஒருவர் அல்லேலூயா சொன்னார். அந்தச் சிரிப்பு என் தலைக்கு ஏறிவிட்டது. மறுநாளே நிதியைப் பார்த்துக்கொள்ளும் கணக்கு வாத்தியார் ஆசீர் சாரிடம் போய், என் குடும்பத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"பொன்னையா, நீங்க எடுத்தது ஒரு அட்டை. வீட்ல நாலு பேரு இருக்கீங்க" என்றார்.

"அது குடும்ப அட்டை சார். அரிசி, சீனி மட்டுந்தான் வராது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அவருக்கு நகைச்சுவை புரியாது என்று வீட்டில் வந்து சொன்னேன். ரோஸ்லினும் அன்று சிரிக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

அந்த வருடம் அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எத்தனையோ முறை பார்த்தேன். கேட்டால், "வாயுங்க" என்பாள். ஓமத்தண்ணீர் குடிப்பாள். "விடுதியே என் சமையலத் தாங்குது, உனக்கு உன் சமையலே தாங்கலயா?" என்பேன். அவளும் ஒப்புக்குப் புன்னகைப்பாள்.

மயங்கி விழுந்த அன்று டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "எவ்வளவு நாளா இப்படி ரத்தம் போகுது?" என்று கேட்டார். ரோஸ்லின் என்னைப் பார்த்துவிட்டு, "சித்திரையில இருந்து" என்றாள்.

"ஏன்மா வரல?"

போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். பிறகு, "இவங்க சபையில எந்திரிச்சுச் சொன்ன சாட்சி பொய்யாப் போயிருமேன்னு..." என்றாள்.

பிரியமானவர்களே, நான் வாய்ப் பேச்சில் பிழைக்கிறவன். அந்த வாய்தான் எட்டு மாதமாக அவள் வாயைக் கட்டியிருக்கிறது.

கர்ப்பப்பையில் கட்டி. மலைக்குக் கீழே உள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். அதற்கு முன் ரத்தம் ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார். என் ரத்தத்தைச் சோதித்தார்கள். பொருந்தவில்லை. நல்ல வேளை, அதிலும் கிண்டல் கலந்திருக்கும்.

விடுதிச் சாமான் அறைக்குள் போய், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, ரோஸ்லினைக் காப்பாற்றும்" என்று தொடங்கினேன். "இது சபைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்" என்று முடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டாவது விண்ணப்பத்தில்தான் கண்ணீர் அதிகமாக வந்தது. வந்ததும் எனக்கே அருவருப்பாகிவிட்டது. "அதை விட்டுவிடும் ஆண்டவரே, முதலில் கேட்டது போதும்" என்று திருத்திச் சொன்னேன்.

அன்று மாலைதான் நிதிக் கூட்டம். கதவருகே போய் நின்றேன். என்னைப் பார்த்ததுமே இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"என்ன பொன்னையா, மேலயிருந்து வந்த பாலிசி காலாவதியாயிருச்சா?" என்றார் வேன் ஓட்டும் மாசிலாமணி அண்ணன்.

"ரோஸ்லினுக்கு முடியல. ரத்தம் வேணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். இத்தனை வருடம் நான் பழக்கிவிட்ட சிரிப்பு அது, யாரைக் குறை சொல்வது?

ஆசீர் சார்தான் எழுந்தார். "ஏலே, சிரிக்காதீங்கல. அவரு மொகத்தப் பாருங்க" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நிதியில இருந்து இப்ப ஒண்ணும் தரமுடியாதுங்க. விட்டுப் போனவங்க ஜனவரியிலதான் திரும்பச் சேரலாம். ரத்தத்துக்கு அப்படி விதி எதுவும் போடல. யாரெல்லாம் வாரீங்க?" என்றார்.

மறுநாள் வெள்ளனே பள்ளி வேன் மலை இறங்கியது. ரோஸ்லினைப் படுக்கவைத்துக்கொண்டு, முந்தின மாலை என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் சுற்றிலும் உட்கார்ந்து வந்தார்கள். வளைவுக்கு வளைவு பாட்டு. ஆசீர் சார் ரத்தம் கொடுத்தார். வேறு மூவர் கொடுத்தார்கள். மாசிலாமணி அண்ணன் ஊசியைப் பார்த்ததும் விழுந்துவிட்டார். எழுந்து காப்பி குடித்துவிட்டு, "இப்பக் குத்துங்க, நான் அந்தப் பக்கம் பாத்துக்கிறேன்" என்று கையை நீட்டினார். நான் கிண்டல் செய்யவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செலவை அடுத்த வருடம் முழுக்க நானே கட்டினேன். எனக்காக விதியை வளைக்காததற்காகவும் ஸ்தோத்திரம்.

அவள் எழுந்து உட்கார்ந்த அன்று கட்டிலருகே இருந்து, "இப்ப எப்படி இருக்க?" என்று கேட்டேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இதுக்குத்தாங்க சித்திரையில இருந்து ஜெபம் பண்ணினேன். நீங்க ஒரு தடவையாவது சிரிக்காம என்னையக் கேக்கணும்னு."

என் ஜெபம் கேட்கப்பட்டதை எல்லோரும் அறிவார்கள். அவள் ஜெபம் கேட்கப்பட்டதை நான் மட்டும் அறிந்தேன். அந்த ஜெபத்துக்கு விடையாக என்னை அந்தக் கட்டிலருகே கொண்டுவர ஆண்டவருக்கு எட்டு மாதம் பிடித்திருக்கிறது. வேலை கடினம்.

அந்த அட்டை பொய்யல்ல. இன்னும் என் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. அதை நம்புகிறேன். நிதியிலும் இருக்கிறேன். அந்த வேனை அனுப்பியவரே இந்த நிதியையும் வைத்திருக்கிறார் என்று இப்போது விளங்குகிறது.

இந்த டிசம்பரிலும் நிதிக் கூட்டம் வருகிறது. அதற்கு முன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் எழுந்துவிடாதீர்கள். ஆண்டவரை நம்பி, கொஞ்சம் காத்திருங்கள். ரோஸ்லின் இரண்டாவது முறை கேட்டால்தான் சொல்கிறாள்.