தினமும் வேலைக்குச் சேர்ந்தவள்

தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் எல்லோருக்கும் அவள் கம்ப்யூட்டர் அக்கா. ஆறு மாதத்தில் வேலை நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பதினாலு மாதம் ஓடிவிட்டது. கேட்கும்போதெல்லாம் மேனேஜர் எக்செல்லைத் திறந்து, ஆட்கள் பட்டியலில் அவளுக்கு நேரே இருக்கும் கடைசிக் கட்டத்தைப் பார்ப்பார். ஆறு மாதம் முடிந்ததா? ‘இல்லை.’

“ஷீட்டே இல்லைங்குதும்மா, நான் என்ன பண்ண?”

எதிரில் நிற்கிற ஆளைவிடக் கட்டத்தில் நிற்கிற எழுத்தை நம்புகிற மனிதர்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். “என்ன, இன்னும் உன் ஸ்டாப்பிங் வரலையா?” என்பார், சாப்பிட உட்காரும்போதெல்லாம்.

வேலை கற்றுக்கொடுத்ததும் மேனேஜர்தான். “மெஷின் வந்த தேதிய ஏன்மா கையால அடிக்கிற? இந்த ஃபார்முலாவப் போடு, தானா வந்து உக்காரும்.” வந்து உட்கார்ந்தது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் இருக்கத் தெரியாத தேதி. பொழுது விடிந்தால் எழுந்து மறுநாளுக்குப் போய்விடும். அலமாரியில் தூசி படிந்து கிடந்த மெஷின் எல்லாம் ஷீட்டில் இன்றைக்குத்தான் வந்தவை. தாமதம் பூஜ்யம். தலைமை அலுவலகம் அனுப்பிய பாராட்டுப் பத்திரம் மேனேஜர் தலைக்குமேல் தொங்கியது.

ஒருநாள் காலையில் டெய்லர் ஒருவர் ரசீதோடு வந்தார்.

“இன்னிக்குத்தான் சார் உங்க மெஷின் வந்திருக்கு. பத்து நாள் ஆகும்” என்றாள் அக்கா, திரையைப் பார்த்து.

“இன்னிக்கா? நான் வெறுங்கைய வீசிக்கிட்டு வர்றேன், அது எனக்கு முன்னாடி நடந்து வந்துச்சா?”

ரசீதில் அவள் கையெழுத்தில், மூன்று மாதப் பழைய தேதி. ஷீட்டைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே தேதி. பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு.

“என் பொழைப்பு நிக்குது, உனக்குச் சிரிப்பா?”

“மன்னிச்சிடுங்க சார். நாளைக்கு முதல் மெஷின் உங்களுதுதான்.”

ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் பார்த்துப் பழைய தேதிகளைக் கையாலேயே அடித்தாள். புதிதாய் வந்தவற்றுக்கு, கன்ட்ரோலையும் அரைப்புள்ளியையும் சேர்த்து ஒரு அழுத்து; அன்றைய தேதி ஆணியடித்தாற்போல் நின்றது. மதியத்துக்குள் தாமதக் கட்டங்கள் அத்தனையும் சிவப்பு.

“ஐயோ, ஷீட்டுக்கு என்னம்மா ஆச்சு? ஒடம்பெல்லாம் செவந்து கெடக்கு!”

“தேதியெல்லாம் நகராம நிக்குது சார், அவ்வளவுதான். ஆமா, நான் சேர்ந்த தேதியப் போட்டது யாரு?”

“நான்தான். அதே ஃபார்மு...” வாய் பாதியில் நின்றது.

அவளுக்கு முந்திச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் கையால் அடித்த தேதி. அவள் மட்டும் தினந்தோறும் காலையில் புதிதாய் வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்தாள்.

மேனேஜர் தோளுக்குமேல் கையை நீட்டி, சேர்ந்த தேதியை அடித்தாள். ‘இல்லை’ கண் சிமிட்டும் நேரத்தில் ‘ஆம்’ ஆனது, பச்சை நிறத்தில்.

“அட, முடிஞ்சிடுச்சே!” மேனேஜருக்கு உண்மையாகவே ஆச்சரியம். “எப்போ முடிஞ்சுது? நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?”

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேலை நிரந்தர ஆர்டரை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டவர், தேதியை நிரப்ப மறுபடி கீபோர்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

“சார், சார்!” தன் பேனாவை அவர் விரலுக்குள் திணித்தாள். “இதால எழுதுங்க.”