லிஃப்டைப் பார்த்துச் சேர்த்த வகுப்பு

அந்தப் பல்கலைக்கழகத்தில் மொத்தம் பத்தொன்பது லிஃப்ட். அத்தனைக்கும் அவர் ஒருவர்தான் மெக்கானிக். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் எந்தத் துறைக்கு மவுசு, எது படுத்துக்கொண்டிருக்கிறது என்பதை லிஃப்டை வைத்தே சொல்லிவிடுவார். புது லிஃப்ட் வந்தால் அந்தத் துறைக்கு நல்ல காலம். இரும்புக் கதவைக் கையால் இழுத்துச் சாத்துகிற லிஃப்ட் என்றால், உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு பெரிய பேராசிரியர்களானாலும் அவருக்கு ஒரு இளக்காரம். துணைவேந்தருக்கே தெரியாத கணக்கு இது என்று வீட்டில் பீற்றிக்கொள்வார். கணக்கு பெரும்பாலும் பலித்தும் தொலைத்தது, அதுதான் வினை.

கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வளாகத்தில் மூன்று வார வகுப்புகள் நடத்துவார்கள். பதினைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஊழியர் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வகுப்பில் இடம் உண்டு. அவருடைய மகளுக்கு அதுதான் கடைசி வருடம். பாறைகளைப் பற்றிய வகுப்புக்குப் போகிறேன் என்றாள். வாய் திறந்து எதையும் கேட்கிற பெண் இல்லை அவள். இதைக் கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டார். பாறைத் துறை இருப்பது, மாதம் மூன்று தடவை அவர் கிரீஸும் கையுமாக நிற்கும் பழைய கட்டடத்தில்.

"அந்த லிஃப்டையே மாத்தித் தர ஆளில்ல. அங்க படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறே? ரோபோ வகுப்புக்குப் போ. அந்தக் கட்டடத்தப் பாரு, எல்லாமே புதுசு."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. சரிப்பா என்றாள். மனைவிதான், பிள்ளை ஆசைப்பட்டதில் சேர்த்துவிடுங்களேன் என்று இரண்டு நாள் நச்சரித்துப் பார்த்தாள். மனிதர் மசியவில்லை. விண்ணப்பத்தில் தன் கையாலேயே ரோபோவுக்கு நேராக டிக் அடித்தார். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு எரிச்சலாக வருகிறது.

மூன்று வாரமும் ஒரு நாள் தவறாமல் போனாள். எப்படிம்மா இருக்கு என்று கேட்டால் நல்லா இருக்குப்பா என்பாள். கடைசியில் கொடுத்த சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டி, வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டினார்.

இரண்டு மாதம் போயிருக்கும். பழைய கட்டடத்து லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே பாறைத் துறைப் பேராசிரியை. வெளியே கொண்டுவந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பேச்சுவாக்கில், கோடை வகுப்புக்குக் கூட்டம் வந்ததா என்று விசாரித்தார். பன்னிரண்டு இடத்துக்கு ஏழு பேர்தான் என்ற அந்த அம்மாள், பிறகு தானாகவே சொன்னார்.

"ஒரு பொண்ணு தினம் மத்தியான இடைவேளையில வந்து எங்க வாசல்ல நிக்கும். கையில டிபன் டப்பா இருக்கும், சாப்பிடாது. மேஜை மேல இருக்கற கல்லையே பாத்துக்கிட்டு நிக்கும். இடம் இருக்கு, வந்து சேந்துக்கோன்னு சொன்னேன். 'இல்ல மேடம், எங்கப்பா எனக்காக அலைஞ்சு நல்ல எடமாப் பாத்துச் சேத்திருக்கார்'னுச்சு."

அது தன் பெண்தான் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த வருடம் பதினாறு வயதுப் பிள்ளையைச் சேர்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியாதுங்க, விதி அப்படி என்றார் பேராசிரியை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளிடம் போய் நின்றார். அடுத்த வருடம் மேல்வகுப்புக்குப் பாடப் பிரிவு தேர்ந்தெடுக்க வேண்டுமே, எது இஷ்டமோ அதை எடுத்துக்கொள், பாறையே படித்தாலும் அப்பாவுக்குச் சம்மதம் என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கென்னப்பா தெரியும். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கோபத்தில் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவள் மனதாரத்தான் சொன்னாள்.