கண் கலங்காதவள்

எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயசிருக்கும். அத்தாவுக்கு மலையாளக் கரையில், ஜூ டவுனில் சுக்கு மண்டி. அந்தத் தூசியால் அவருக்குத் தீராத இருமல். தெருமுனையில் கேட்டாலே அம்மா சாயாவுக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள்.

ஆம்பிளைத் துணை இல்லாமல் பெண்கள் சினிமாவுக்குப் போவது அத்தாவுக்கு அறவே ஆகாது. அப்படிப் போய் மாட்டிக்கொண்ட சின்னம்மாவைக் கையோடு சொந்த ஊரான தென்காசிக்கு அனுப்பிவிட்டார். அம்மாவோ மேட்னி இல்லாவிட்டால் செத்தே போவாள். பர்தாவைப் போட்டுக்கொண்டு, என்னையும் அதற்குள் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அன்றைக்கு யுத்த காலத்துப் படம். இங்கிலீஷ். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. புரிந்துதான் ஆக வேண்டுமா என்ன! எதிரிப் பட்டாளத்து ஆபீசிலேயே வேலை பார்த்துக்கொண்டு, ரகசியங்களைக் கொண்டைக்குள் சுருட்டிக் கடத்துகிறாள் ஒருத்தி. சோதனைக்கு நிறுத்தும் சிப்பாயிடமே சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்கிறாள். யம்மா, என்ன நெஞ்சழுத்தம்! அதுவரை நான் பார்த்த கதாநாயகிகளெல்லாம் மரத்தைச் சுற்றினவர்கள்தான்.

ஒருநாள் அவள் புருஷனையே அடித்து இழுத்துவந்து முன்னால் நிறுத்துகிறார்கள். தெரிந்தவன் என்று காட்டினால் இரண்டு பேருக்கும் சாவு. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். யாரோ எவரோ என்பதுபோலத் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து முன்னால், ஆண்கள் பக்கத்தில், ஒரு இருமல். அம்மாவின் கை என் மணிக்கட்டை நெரித்தது.

வெளியே வரும்போது வாசலிலேயே அத்தா நின்றிருந்தார். நான் பர்தாவுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா நடை மாறாமல் அவரை உரசுவதுபோலக் கடந்து போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அத்தாவே ஆரம்பித்தார். "ஒரு படம் பாத்தேன். ஹா, எந்தொரு பொம்பளை! ஆனா புருஷனைப் பாத்ததும் பாவம், பொலபொலன்னு அழுதுட்டா."

எனக்கு வந்ததே கோபம்! "அவ எங்கே..." என்று வாயெடுத்தேன். "முள்ளு பாத்துத் தின்னுடீ," என்று இன்னொரு மீனை என் தட்டில் போட்டுவிட்டு, "அப்புறம் என்னாச்சு?" என்று அவரிடம் கேட்டாள் அம்மா. அந்த வெள்ளந்தி முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

குஷியாகிவிட்ட அத்தா, வெள்ளிக்கிழமை அவரே எங்களைக் கூட்டிப்போனார். பால்கனி டிக்கெட். பயப்பட வேண்டிய இடத்திலெல்லாம் அம்மா சரியாகப் பயந்தாள்.

புருஷனை இழுத்துவந்தார்கள். அவள் இப்போதும் அழவில்லை. வெற்றியோடு அத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். பார்த்தவள், ஒன்றுமே தெரியாதவள்போலத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீங்க சொன்ன மாதிரியே அழுறா, பாவம்," என்றாள்.