ஏனோக் வாத்தியாரின் கொட்டாங்கச்சித் தோட்டம்

ஏனோக் வாத்தியாருக்குத் தன்னைப் பற்றி நல்ல உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. பிற்காலத்தில் அதை அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார். ராணிப்பேட்டைப் பக்கத்தில் மிஷன் பயிற்சிப் பள்ளியில் அவர் படித்தபோது ஒரு துரைசானி வந்து பேசினாள். பிள்ளைகளுக்குப் பலகையும் பிரம்பும் போதாது, அவர்கள் களிமண்ணைப் பிசைய வேண்டும், இலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், விதை போட்டு வளர்க்க வேண்டும் என்றாள். மற்ற மாணாக்கர்கள் கொட்டாவி விட்டார்கள். ஏனோக் ஒருவர்தான் கண் கலங்கினார். கண் கலங்குவது அவருக்குக் கைவந்த கலை. தான் பேசுவதைத் தானே கேட்டும் கலங்குவார்.

இப்படிப்பட்டவரைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அது 1903-ம் வருஷம். பாலகாட் சுரங்கத்தை ஒட்டி, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைனில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் பள்ளிக்கூடம். எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் ஞாயிற்றுக்கிழமை ஞானப்பாட்டுப் பாடவும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பது சம்பளம் கொடுத்தவர்களின் எண்ணம். வாத்தியாரின் எண்ணம் வேறு. இந்தப் பிள்ளைகள் இயற்கையை அறிய வேண்டும், அதன் வழியாகத் தங்களையே அறிய வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமைதோறும் கைவேலை வகுப்பு வைத்தார். முதல் வகுப்பில் ஆளுக்கு ஓர் உருண்டை களிமண் கொடுத்து, "இயற்கையில் நீங்கள் கண்ட ஒன்றைச் செய்யுங்கள்" என்றார். மாடு வரும், மயில் வரும் என்று காத்திருந்தார். வந்ததெல்லாம் சுரங்கக் குழிமேல் நிற்கிற ஷாஃப்ட் கோபுரமும் புகைபோக்கியும் ஆட்களை இறக்குகிற கேஜும்தான். குணசுந்தரி என்ற பெண் தன் கோபுரத்துக்குச் சக்கரம்கூட வைத்திருந்தாள். "இது இயற்கையா அம்மா?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டாண்ட இதான் சார் கீது" என்றாள் அவள்.

அடுத்த வாரம் இலைகளைக் கொண்டுவரச் சொன்னார். சுற்றுவட்டாரத்து மரமெல்லாம் பாய்லருக்கு விறகாகப் போய்விட்ட ஊர் அது. எல்லாரும் எருக்கிலையோடு வந்து நின்றார்கள். வாத்தியார் மனம் தளரவில்லை. தளர வேண்டிய இடத்தில் தளராததுதான் அவருடைய வியாதி.

அதன்பிறகுதான் விதைப் பாடம் வைத்தார். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு விதை கொண்டுவர வேண்டும், கொட்டாங்கச்சியில் போட்டுத் தினமும் தண்ணீர் விட வேண்டும். மண் எங்கே கிடைக்கும்? லைனில் இருந்த தரை கடப்பாரைக்கே மசியாது. ஆனால் தங்கக் கல்லை அரைக்கிற மில்லுக்குப் பின்னால் வெள்ளை மண் மேடு மேடாகக் கிடந்தது. பாறையை இடித்துப் பொடியாக்கி, சயனைடு தண்ணீரில் ஊறவைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டபின் கொட்டின சக்கை மண். சலித்த மாவு மாதிரி இருந்தது, மருந்துக்கும் ஒரு கல் கிடையாது. தோட்டம் போடுகிறவனுக்கென்றே ஆண்டவர் சலித்து வைத்திருக்கிறார் என்று பூரித்துப்போய் வாத்தியார் இரண்டு கூடை அள்ளி வந்தார். அத்தனை பெரிய மேட்டில் ஏன் ஒரு புல்கூட இல்லை என்று, இயற்கைப் பாடம் நடத்துகிறவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பிள்ளைகளுக்கு அது என்ன மண் என்று தெரியும். ஆனால், சாருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டார்கள். குறுக்கே பேசக் கூடாது என்று அவர்களைப் பழக்கி வைத்திருந்தவரும் அவர்தான்.

விதை போட்ட அன்று அவர் செய்த பிரசங்கத்தை அந்தக் கொட்டகை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "பிள்ளைகளே, இந்த விதைதான் நீங்கள்! இது முளைத்தால் நீங்கள் முளைப்பீர்கள். இது தழைத்தால் நீங்கள் தழைப்பீர்கள்!" வழக்கம்போல் கண் கலங்கினார். முளைக்காவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. அந்த யோசனையே அவருக்கு வரவில்லை.

ஒன்றும் முளைக்கவில்லை. பிள்ளைகள் காலையும் மாலையும் தண்ணீர் விட்டார்கள், குனிந்து பார்த்தார்கள். முதலில் சிரிப்பு நின்றது. பிறகு ரத்தினம்மா பள்ளிக்கு வருவது நின்றது. எட்டு வயதுப் பெண். முந்தின வருஷம் பிளேக்கில் அவள் தம்பி போயிருந்தான்.

அவளுடைய அம்மா மங்கம்மா, மில்லில் கல் பொறுக்குகிற வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். "இன்னா வாத்தியாரே சொன்னீங்க எம்பொண்ணாண்ட? வெதை மொளைக்கல, நானும் தம்பியாண்ட போவப்போறேன்னு பாயில சுருண்டுக்கினு கீறா. ஒரு வாய் களி எறங்கல. எனக்கு இருக்கறதே அவ ஒருத்திதான் வாத்தியாரே."

வாத்தியார் ஏதோ சமாதானம் சொல்லி அவளை அனுப்பிவைத்தார். நான் பேசியது தப்பு என்று அப்போதே போய்ச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த உவமை நன்றாக அமைந்துவிட்டது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. உவமையைக் காப்பாற்றினால் பிள்ளையையும் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டார்.

மறுநாள் காலை ரயிலேறிப் பங்காருபேட்டைக்குப் போனார். ரத்தினம்மா போட்டிருந்தது பூசணி விதை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டத்தில் பூசணியெல்லாம் கொடி ஓடிவிட்டிருந்தது. அப்போதுதான் முளைத்திருந்தது அவரை ஒன்றுதான். சோர்ந்து படுத்திருக்கிற குழந்தை எங்கே கண்டுபிடிக்கப் போகிறது என்று ஓர் அவரைக் கன்றை வேரோடு வாங்கிக் குடைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். ரத்தினம்மாவின் கொட்டாங்கச்சியைக் கிளறி, உள்ளே கிடந்த பூசணி விதையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கன்றை நட்டார். ஊழியம் செய்கிற மனுஷன், ஒரு கள்ளனைப்போலச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே நட்டார்.

சாயங்காலம் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மங்கம்மாவின் தட்டி வீட்டுக்குப் போனார். "ரத்தினம், பார்! முளைச்சாச்சு!"

அவள் மெதுவாகத் திரும்பினாள். உதடெல்லாம் காய்ந்திருந்தது. கொட்டாங்கச்சியை உற்றுப் பார்த்தாள்.

"சார், இது அவரை."

"சின்னதா இருக்கறப்ப எல்லாம் அப்படித்தாம்மா..."

"நான் போட்டது பூசணி சார். பூசணி எல தடியா வரும். எங்க ஊட்டு சாம்பக் குழியிலேயே கீது."

மங்கம்மா கொட்டாங்கச்சியை வாங்கி மண்ணை விரலால் நசுக்கினாள். "அட ஆண்டவனே! இது மில்லு மண்ணு! ஆடுகூட அந்தப் பக்கம் வாய வெக்காது. இதுலயா புள்ளைங்கள வெதை போடச் சொன்னீங்க?" அவள் திட்டியிருந்தால் தேவலை. பாவம் என்பதுபோலப் பார்த்தாள். அதைத்தான் வாத்தியாரால் தாங்க முடியவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெதை மேல தப்பில்லம்மா. எம்மேலதான் தப்பு. இந்தச் செடியக்கூட பங்காருபேட்டையிலேர்ந்து கொண்டாந்து நட்டேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."

ரத்தினம்மாவுக்கு அவருடைய மன்னிப்பில் அக்கறை இல்லை. "அப்ப என் வெதை எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேம்மா."

அவள் முகம் வெளிறியதைப் பார்த்தபோது வாத்தியாருக்கு உயிர் போய் வந்தது. பிள்ளையைக் கொன்றே விட்டோம் என்று நினைத்தார். அவளோ, "அம்மா, வெதைப் பானைய எடு" என்றாள். மங்கம்மா எடுத்து வந்து வைத்தாள். ரத்தினம்மா எழுந்து உட்கார்ந்து, கையை விட்டு அள்ளி, அவர் முன்னால் பரப்பினாள்.

"இதெல்லாம் ஒரே காயில எடுத்தது சார். இதுல எது நானு?"

வாத்தியார் ஒரு விதையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "எதுவும் இல்லம்மா" என்றார். "வெதை வெதைதான். நீ ரத்தினம்மா."

"அது முளைக்கலன்னா நான் சாவமாட்டனா?"

"மாட்டே. சத்தியமா மாட்டே."

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

மங்கம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். பரப்பியிருந்த விதைகளை வாரி, உப்புத் தண்ணீர் தெளித்துச் சட்டியில் போட்டு வறுத்தாள். வீடெல்லாம் வாசனை வந்தது. ரத்தினம்மா ஒரு பிடி தின்றாள், இன்னொரு பிடி தின்றாள், களி கீதா என்று கேட்டாள். மங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கிண்ணத்தை வாத்தியார் பக்கம் தள்ளினாள். "நீங்களும் துன்னுங்க வாத்தியாரே."

ஏனோக் வாத்தியாருக்கு அப்போதும் கண் கலங்கத்தான் செய்தது. இந்த இடத்தில் இரண்டு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. பேச முடியவில்லை, வாய் நிறைய விதை இருந்தது.