பூட்டை வாங்கிய சோளம்

பல்லடத்துக்குத் தெற்கே, மழையை மட்டுமே நம்பியிருந்த ஓர் ஊருக்குத் தொண்ணூறுகளின் நடுவில் நான் அடிக்கடி போய் வந்துகொண்டிருந்தேன். கோயமுத்தூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா கிணறு வெட்டப் போனவர். அம்மா களை எடுக்கப் போனவர். இவ்வளவு படித்துவிட்டு மகன் மறுபடியும் காட்டுக்கே எதற்குப் போகிறான் என்பது இருவருக்கும் விளங்கவில்லை. “கவர்மெண்டு வேலையாப்பா?” என்று அப்பா ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

திட்டம் எளிமையானது. மழை பொய்த்த வருடங்களில் கோடை வந்தால் அந்த ஊரில் பல வீடுகளில் ஒருவேளைச் சமையலோடு அடுப்பு அணைந்துவிடும். அதனால் பெண்களைச் சங்கமாகச் சேர்த்து விதைச் சோளம் கொடுத்தோம். அறுவடை ஆனதும் ஆளுக்கு ஒரு பங்கைப் பொதுக் குதிரில் கொட்டிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் இல்லாதவர்கள் அதிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். கதிர் முற்றும்வரை சங்கச் சோளத்தை யாரும் அறுக்கக்கூடாது என்பது அவர்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

விதை கொடுத்தபோது, செடிக்குச் செடி நன்றாக இடம் விட்டு விதைக்கச் சொன்னேன். அப்போதுதான் கதிர் பருக்கும். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். எதிரில் நிற்பவரை மறுத்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. நான் பஸ் ஏறிய பிறகு, வீட்டில் இருந்த பழைய விதையையும் அதில் கலந்து, அவர்கள் எப்போதும் விதைப்பதுபோல நெருக்கமாக இறைத்துவிட்டார்கள். பயிர் முளைத்து வந்தபோது கால் வைக்க இடம் இல்லை.

காரணம் கேட்டேன். “எடம் விட்டு வெதைச்சா தண்டு தடியாப் போயிருமுங்க தம்பி. மாடு மோந்து பாத்துட்டுத் தள்ளிருமுங்க” என்றார்கள். அங்கே சோளம் முதலில் மாட்டுக்கு. மெலிந்த தண்டாக இருந்தால்தான் மாடு மிச்சம் வைக்காமல் தின்னும். காலையும் மாலையும் கறக்கிற பால் சொசைட்டிக்குப் போகும். அந்தப் பால் காசில் ரேஷன் அரிசி வரும். தானியத்துக்கென்று நாங்கள் கொடுத்த விதையும் அப்படித்தான் மாட்டுத் தீவனமாக மண்ணுக்குள் போயிருந்தது.

ஐப்பசியில் பெய்த மழையோடு வானம் வறண்டுவிட்டது. மார்கழியில் சோளம் பூட்டை வாங்கியது. கதிர் வெளியே தலை நீட்டுவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நடுப்பகலில் இலைகள் குழல்போலச் சுருண்டு நின்றன.

சங்கத்தில் ஒரு அக்கா இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். அவருடைய பெரிய உடைமை ஒரு செவலை மாடு. சினையாக இருந்தது, மாசியில் ஈன வேண்டும். காய்ந்த சோளத் தண்டுகளை அடுக்கி வாசலில் வைத்திருந்த தட்டுப்போர் கரைந்து அடிக்கல் தெரிய ஆரம்பித்திருந்தது. அவருடைய கணவர் திருப்பூரில் சாயப்பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். மாட்டை விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடு, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டலாம் என்று சொல்லியிருந்தார். வருகிற ஞாயிறு மாட்டு வியாபாரியைக் கூட்டி வருவதாகவும் ஏற்பாடு.

“அங்க ஒரே ரூமுங்க தம்பி. அதுலயே சோறாக்கோணும், அதுலயே குளிக்கோணும். மாடு போச்சுன்னா எனக்கு இந்த ஊருல என்ன சோலின்னு கேப்பாரு. நான் என்னன்னு சொல்றது?” என்றார் அந்த அக்கா.

அந்த வாரம் சங்கக் கூட்டம் பால் சொசைட்டி வாசலில் நடந்தது. கேன்களைக் கழுவிய தண்ணீர் இன்னும் காயவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த செய்தியை நான் முதலில் சொன்னேன்: அடுத்த வாரம் நிதி கொடுப்பவர்கள் பயிரைப் பார்க்க வருகிறார்கள், அதுவரை சோளக் காட்டில் யாரும் கை வைக்க வேண்டாம். யாரும் மறுக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

மாட்டுக்கார அக்கா சங்கத் தலைவியைப் பார்த்துப் பேசினார். “ஏனுங்க்கா, என்ற காட்டுச் சோளத்தை நான் அறுத்துக்கறனுங்க. மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க.”

தலைவி ஐம்பதைத் தொட்டவர். குதிருக்குச் சாணி மெழுகிச் சுத்தம் பார்ப்பதெல்லாம் அவர்தான். “பூட்டை வாங்குன பயிருல அருவா வெப்பாங்களா அம்மணி? புள்ளத்தாச்சி மேல வெக்கறாப்புல” என்றார்.

“என்ற மாடும் புள்ளத்தாச்சிதானுங்க்கா.”

“அப்ப ரண்டுக்கும் சேத்து வளைகாப்புப் போட்றலாம்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. சித்திரையில குதுரு காலியாக் கெடக்கறப்பவும் இப்படியே சிரிக்கோணும். இன்னைக்கு இவ அறுத்தா நாளைக்கு நீ அறுப்ப. அப்பறம் எதுக்குச் சங்கம்?” என்றார் தலைவி.

“மழை வந்தாத்தானுங்க கதிரு. வராட்டி கதிரும் போச்சு, தட்டும் போச்சு” என்றார் மாட்டுக்கார அக்கா.

“வர்றாப்புல இருக்குது. நேத்துக்கூட மேக்க கருக்கல் கட்டுச்சு.”

“உங்க ஊட்டுல தட்டுப்போர் நெறைஞ்சு நிக்குது. உங்களுக்கு வர்றாப்புலத்தான் இருக்குமுங்க.”

தலைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கோபம் வந்தால் அப்படிச் செய்வார்.

மாட்டுக்கார அக்காவே மறுபடி பேசினார். குரல் இறங்கியிருந்தது. “அருவாதானுங்க வெக்கக்கூடாது? நான் கையில புடுங்கிக்கறன்.”

“கையிலயா?”

“கையிலதானுங்க. வேரோட.”

தலைவி சிரிக்கவில்லை. தன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். அவள், “களை எடுக்கற கணக்குல போயிருமுங்க்கா” என்றாள். இன்னொருத்தி, அவளுடைய மாமியார் காலத்தில் ஒரு பஞ்சத்தில் அப்படிச் செய்ததாகக் கேள்விப்பட்டதைச் சொன்னாள். அது உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. அரிவாள் படக்கூடாது என்பதுதான் வழக்கம். கை படக்கூடாது என்று யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை.

“நீங்க என்னங்க தம்பி சொல்றீங்க?” என்று தலைவி என்னிடம் கேட்டார். வருகிறவர்கள் பார்ப்பதற்குப் பயிர் நிற்க வேண்டும் என்று சொன்னேன்.

“நிக்கும். முழத்துக்கு ஒண்ணு நிக்கும். அதுல வர்ற கதிரு குதுருக்கு. மிச்சத்தைப் புடுங்கிக்கட்டும்” என்றார் அவர். அதோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சங்கத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு மேல் அந்தக் காட்டில் இருந்தார்கள். நானும் இறங்கினேன். செம்மண் இறுகிக் கிடந்தது. சோளத்தின் வேர் எளிதில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் குதிகாலை ஊன்றி இழுக்க வேண்டும். சற்று நேரத்திலேயே உள்ளங்கை வெடித்து, பழைய சேலைத் துணியைக் கிழித்து ஆளாளுக்குச் சுற்றிக்கொண்டோம். தலைவி முழங்கையைத் தரையில் வைத்து அளந்து, “இது நிக்கட்டும், இதைப் புடுங்கு” என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார். நல்ல கதிராகப் பார்த்து நிறுத்தினார் என்று மாட்டுக்கார அக்கா முணுமுணுத்தார். முதுகைத் திருப்பாமலே, “காதுல விழுகுது” என்றார் தலைவி.

தண்ணீருக்கு வாடிய சோளத்தைப் பச்சையாகத் தின்றால் மாடு நுரை தள்ளி விழுந்துவிடும். அது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பிடுங்கியதையெல்லாம் மேட்டில் பரப்பிக் காயவிட்டார்கள். வாசனை பிடித்த மாடு கட்டுத்தறியில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. அந்த அக்கா இரண்டு கயிறு போட்டுக் கட்டியிருந்தார். இடையிடையே நிமிர்ந்து, “இருடி, இருடி” என்று அதற்குப் பதில் சொன்னார்.

ஞாயிறன்று நடந்ததை அவரே பிற்பாடு எனக்குச் சொன்னார். கணவர் வியாபாரியோடு வந்தபோது வாசலில் புதிதாக ஒரு போர் நின்றது. வியாபாரி மாட்டைச் சுற்றி வந்து, நிறைசினை என்றார். கணவர் அவரைக் கவனிக்காமல் போரில் ஒரு தண்டை உருவிப் பார்த்திருக்கிறார். அடியில் வேரும் மண்ணும் இருந்தன. “இதைப் புடுங்குனியா?” என்று மட்டும் கேட்டாராம். மனைவியின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, “ஈத்து ஆகட்டுங்க, அப்பறம் பாப்போம்” என்று வியாபாரியை அனுப்பிவிட்டார்.

நிதி கொடுப்பவர்கள் ஜீப்பில் வந்தார்கள். நெருக்கமாக நின்ற மற்ற காடுகளைப் பார்த்து முகம் சுளித்தவர்கள், இந்த ஒரு காட்டின் முன் நின்றார்கள். “இந்தம்மாதான் நாம சொன்ன மாதிரி இடைவெளி விட்டிருக்காங்க” என்றார் வந்தவர்களில் பெரியவர். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், “தம்பி நல்லாச் சொல்லிக் குடுத்தாருங்க” என்றார் தலைவி. அவர் முகத்தில் எதுவும் இல்லை.

மழை வரவில்லை. தை கடைசியில் மற்றவர்களும் தங்கள் காட்டில் பிடுங்கினார்கள். குதிரில் அந்த வருடம் சேர்ந்த சோளம் முழங்கால் உயரம்கூட இல்லை. வைகாசிக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

மாசி பாதியில் மாடு ஈன்றது. காளைக்கன்று. கிடாரியாக இருந்தால் வளர்த்து இன்னொரு மாடாக்கலாம். காளையால் அவருக்குப் பயன் இல்லை. நான் போனபோது, பிடுங்க வந்தவர்களுக்கெல்லாம் சீம்பாலில் வெல்லம் போட்டுக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார் அந்த அக்கா. தலைவி வீட்டிலிருந்தே டம்ளர் கொண்டுவந்திருந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு, “வெல்லம் பத்தாது” என்றார்.

“மாட்டுக்குத் தட்டுப் பத்தாதுன்னேன், அப்பக் குடுத்தீங்களா நீங்க?”

“குடுக்காமயா இத்தனை பால் கறக்குது?”

கன்று தாயை முட்டிக்கொண்டிருந்தது. அந்த அக்கா எழுந்துபோய் அதை இழுத்து மரத்தில் கட்டிவிட்டு வந்தார்.

“திருப்பூருக்குப் போறியா இல்லையா அம்மணி?” என்று தலைவி கேட்டார்.

“கறவை நிக்கற வரைக்கும் எப்படீங்க்கா போறது?” என்றார் அந்த அக்கா. தலைவி டம்ளரை மறுபடி நீட்டினார்.