கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையிலிருந்து தப்பிய பொருள் என்று எங்கள் வீட்டில் எதுவும் கிடையாது. பிழைக்க வந்த வங்காளத்தில் அப்பாவுக்கு லேக் மார்க்கெட்டில் இட்லி மாவுக் கடை. கிரைண்டர், தராசு, கல்லாப்பெட்டி, மாவு வாளி என்று கடையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, மீதிச் சந்தனக் கிண்ணத்தோடு பெஹாலாவில் இருக்கும் வீட்டுக்கு வருவார். வீட்டில் மிக்ஸி, தையல் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாம் காத்திருக்கும். ஃபிரிட்ஜுக்கு ஒரு வருடம் வைத்த பொட்டு அடுத்த வருடப் பொட்டு வரும்வரை அப்படியே இருக்கும். அதைத் துடைக்கும் துணிச்சல் அம்மாவுக்கே கிடையாது.

அந்த வருடம் அப்பாவின் பார்வை என் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது.

"எனக்குத் தராசு. ஒனக்கு இதான் தராசு. பூசைக்கு வைக்காம எப்படில?" என்றார்.

எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். அப்பாவும் காலேஜுக்குப் போயிருக்கிறார், கேண்டீனுக்கு மாவு கொடுக்க. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்ததால் வீட்டில் ஒயர் உள்ள சாமான் எல்லாம் என் பொறுப்பில் வந்தது. டியூப்லைட் மினுக்கினாலும், கிரைண்டர் முனகினாலும், "இத்தன வருசம் என்னத்தல படிச்ச?" என்பார் அப்பா. உண்மையைச் சொன்னால், கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் காட்டியதே இல்லை. படம் போட்டுப் பாகம் குறித்திருக்கிறேன். அதற்கு நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

டிகிரி வாங்கியபின் நான் போட்ட விண்ணப்பங்கள் எதற்கும் பதில் வரவில்லை. கடைசியில் பெங்களூர் கம்பெனி ஒன்று ஆன்லைன் தேர்வுக்கு அழைத்தது. தேர்வு விஜயதசமிக்கு மறுநாள் காலை. கேமரா வைத்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், ஃபோனில் எழுதக் கூடாது, தவறவிட்டால் மறு வாய்ப்பு இல்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். இதுவும் போனால் என்ன ஆகும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்பா இரண்டாவதாக ஒரு கிரைண்டர் பார்த்து வைத்திருந்தார். அதை ஓட்டப் போகிற ஆள் நான்.

ஆகவே, சாமி கும்பிட எனக்கும் காரணம் இருந்தது. நவமியன்று கம்ப்யூட்டரைப் பூஜை அலமாரிக்குக் கீழே நானே நகர்த்தி வைத்தேன். இருப்பது ஒரே கூடம் என்பதால் அதிக தூரம் இல்லை. அப்பா மாலை போட்டார், மானிட்டருக்கு விபூதிப் பட்டை அடித்தார், மவுஸுக்குச் சின்னதாக ஒன்று வைத்தார். சி.பி.யூ. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே நடுவில், நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், வட்டமாக ஒரு பட்டன் இருந்தது.

"பாத்தியா, பொட்டு வைக்க எடம் விட்டே செஞ்சிருக்கான்," என்று கட்டை விரலால் சந்தனத்தை அழுத்தி வைத்தார். அதன்மேல் குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பூஜைக்கு வைத்ததை மறுநாள் புனர் பூஜை முடியும்வரை தொடக்கூடாது. தசமியன்று விடிந்ததும் நான் தொட்டேன். மாதிரித் தேர்வு ஒன்று எழுதிப் பார்க்கலாம் என்ற ஆசை. பொட்டை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் எல்லாம் அணைந்தது. பிளக்கைப் பிடுங்கிச் சொருகி மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே கொட்டாவி.

"புனர் பூசைக்கு முந்தியே கை வச்சியா?" பின்னால் அப்பா நின்றார். "அதான் சாமி ஆஃப் பண்ணிட்டாரு."

"சாமி ஏம்ப்பா ஆஃப் பண்ணணும்?"

"லீவு நாள்ல வேல வாங்கினா நீ சும்மா இருப்பியா?"

அவசர அவசரமாகப் புனர் பூஜை நடந்தது. கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, என்னைக் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி, அப்பாவே முன்னின்று, "இப்பப் போடு," என்றார். விளக்கு, விசிறி, இருட்டு. சாமிக்குக் கோபம் தணியவில்லை என்றார் அப்பா. கோபம் சாமிக்கா கம்ப்யூட்டருக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்றாள் தங்கை. அவளுக்கு வீட்டில் எல்லோரையும்விட வங்காளம் நன்றாக வரும், நக்கல் அதைவிட நன்றாக வரும்.

கீழ்வீட்டு வங்காளிப் பெரியவர், எங்களுக்குக் காக்கு, அதாவது சித்தப்பா, காப்பி குடிக்க மேலே வந்தார். அலிப்பூரில் ஒரு கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே தீர்ப்பு சொல்ல விடாததற்கெல்லாம் சேர்த்து எங்கள் வீட்டில் சொல்வார். பெட்டியைப் பார்த்தார், ஒரு வாய் காப்பி குடித்தார்.

"மதர்போர்ட் கேச்சே," என்றார். போய்விட்டதாம்.

"தொட்டுக்கூடப் பாக்கலியே காக்கு?"

"எதுக்குத் தொடணும்? என் மகனோடதும் இப்படித்தான் போச்சு."

ரிப்பேர்க் கடை எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். லொக்கி புஜோ, அதாவது பௌர்ணமியன்று வரும் லட்சுமி பூஜை, முடிகிறவரை எவனும் ஷட்டரைத் தூக்க மாட்டான் என்றார், ஏதோ தானே அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் போல. உங்கள் மகனின் லேப்டாப்பைக் கடனாகத் தர முடியுமா என்று கேட்டேன். மகன் பூஜை விடுமுறைக்குப் பூரிக்குப் போயிருந்தான், லேப்டாப்போடு. நண்பர்களுக்கு ஃபோன் போட்டேன். ஒருவன் பூரியில், ஒருவன் டார்ஜிலிங்கில். ஊரில் மிச்சமிருந்த ஒருவன் பூஜைப் பந்தலில் டாக் மேளச் சத்தத்துக்கு நடுவில், "கீ? கீ?" என்று, அதாவது என்ன என்ன என்று கத்தி, வைத்துவிட்டான்.

வேறு வழியில்லாமல் மூடியைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி, செத்த கரப்பான் ஒன்று, நேற்றைய மாலையிலிருந்து விழுந்த ரோஜா இதழ் ஒன்று. இதழைப் பார்த்ததும் குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். எடுத்துப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. ஃபோனில் தேடி, அதில் சொன்னபடியெல்லாம் செய்தேன். மெமரியை உருவி, தங்கையின் ரப்பரால் அதன் பல்வரிசையைத் தேய்த்துப் பொருத்தினேன். ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கிச் சொருகினேன். அம்மா ஒவ்வொரு முறையும், "வந்திருச்சா ய்யா?" என்பாள். வரவில்லை என்றால், "வந்திரும்," என்பாள். எங்கள் வீட்டில் ரிப்பேருக்கு அவள் பங்கு அதுதான்.

"உன் டிகிரிய எடுத்து அதுமேல வச்சுப் பாரேண்ணா," என்றாள் தங்கை. "பொட்டி பயந்துடும்."

வியர்வையைத் துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோனேன். விரல் நுனி கமகமவென்று மணந்தது. தூசியிலும் கரப்பானிலும் கிடந்த கை சந்தனம் மணக்கிறதே என்று பட்டனைக் குனிந்து பார்த்தேன். அழுத்தினேன். உள்ளே போனது. விரலை எடுத்தேன். அது வரவில்லை. உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மதியத் தூக்கத்திலிருந்து எழுகிறவரைப் போல மெல்ல மெல்ல வெளியே வந்தது.

அப்போதுதான் புரிந்தது. பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஒவ்வொரு முறையும் நான் விரலை எடுத்த பிறகும், இடுக்கில் இறங்கிய அப்பாவின் சந்தனம் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் ஊக்கு வாங்கிச் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் துண்டு துண்டாக வந்தது. பாதி வேலையில் 'டொக்' என்றது. பட்டன் உடைந்து பெட்டிக்குள் விழுந்து உருண்டது. இருந்த ஒரு நெற்றியும் ஓட்டையானது.

அப்பா கூடத்து மூலையில் நின்றிருந்தார். பக்கத்தில் வந்து ஓட்டையைக் குனிந்து பார்த்தார்.

"சந்தனமால?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"கிரைண்டருக்கு இத்தன வருசமா வைக்கேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஒண்ணும் சொன்னதில்லையே."

எனக்கு வந்த கோபத்தில் பாதி அங்கேயே காலியாகிவிட்டது. கிரைண்டரை நம்புகிற மனிதரிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது? அவர் மெல்ல, "நாளைக்கு முடியாமப் போயிருமோ?" என்றார். இரண்டாவது கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஃபோனில் தேடிய பக்கத்தில் இன்னும் கீழே போனேன். பட்டனிலிருந்து வரும் ஒயரை மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் போதும், பட்டன் செய்யும் வேலையே அதுதான் என்று எவரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்.

"கரண்டு ஓடுற பொட்டிக்குள்ள கம்பிய விடப் போறியா?" அம்மா அலறினாள்.

"ஷாக் அடிக்காதும்மா. சின்னக் கரண்ட்."

"சின்னதோ பெருசோ, நில்லு."

உள்ளே போனாள். கழிவறை வாசலில் கிடக்கும் நீல ரப்பர்ச் செருப்போடு வந்தாள். எங்கள் வீட்டில் செருப்பு வாசலைத் தாண்டி உள்ளே வராது. காக்குவே படிக்கட்டில் கழற்றிவிட்டுத்தான் வருவார். பூஜை அலமாரிக்கு முன்னால், கற்பூர வாசனை போகாத இடத்தில், என் காலடியில் அந்தச் செருப்பைக் குனிந்து வைத்தாள்.

"மாட்டிக்கோ. சாமி கண்ண மூடிக்கும்."

மாட்டிக்கொண்டேன். அப்பா ஃபோன் டார்ச்சைப் பிடித்தார். வெளிச்சம் சாமி படத்தின் மேல் விழுந்தது. "பொட்டிக்குள்ள காட்டுங்க," என்று அம்மா அவரை அதட்டினாள். காக்கு தம்ளரோடு கதவருகே ஒதுங்கினார். மதர்போர்ட் செத்துவிட்டது என்று சொன்னவர் அவ்வளவு தூரம் தள்ளி நிற்கத் தேவையில்லை. ஸ்க்ரூடிரைவரால் தொட்டு எடுத்தேன்.

விளக்கு. விசிறி. கொட்டாவி நேரம் கடந்தது. விசிறி நிற்கவில்லை. திரையில் எழுத்து வந்தது.

"வந்திருச்சு," என்றாள் அம்மா, இத்தனை நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது தான்தான் என்ற தோரணையில். காக்கு, "மதர்போர்டில் கொஞ்சம் உயிர் இருந்திருக்கு," என்று தீர்ப்பைத் திருத்திக்கொண்டார். தங்கை என் காலைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள்.

அன்று முழுவதும் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. மறுநாள் காலை, ஃபியூஸ் போய்விடக் கூடாது என்று, மிக்ஸி, அயர்ன், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் தடை. அப்பா கடை திறக்கப் போகாமல், வேறு யாரும் கை வைத்துவிடாதபடி மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிக்குக் காவல் நின்றார். தேர்வைக் கண்காணித்த பெண் கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னாள். மூடியில்லாத பெட்டி, வாடிய மாலை, விபூதி பூசிய மானிட்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மேஜையில் அது என்ன?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"ஸ்க்ரூடிரைவர்."

"எதற்கு?"

"கம்ப்யூட்டரை ஸ்டார்ட் பண்ண."

அதை மேஜையிலிருந்து எடுத்துவிடும்படி சொன்னாள். அதில் விடை எழுதி வைத்திருப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ.

வேலை கிடைத்தது. பெங்களூர் போகச் சொல்லவில்லை, வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இன்றும் அதே கூடம், அதே பெட்டி. புதுப் பட்டன் வாங்கிப் போடலாம்தான், ஆனால் ஓடுகிற ஒன்றில் கை வைக்க எனக்கும் இப்போது பயம். காலையில் நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் தொட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன். செருப்பு தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா இரண்டாவது கிரைண்டரை வாங்கிவிட்டார். அதை அவரே ஓட்டுகிறார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது நான் பெட்டிக்கு முன்னால் குறுக்கே நின்றேன். அவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஓட்ட கீட்ட ஒண்ணும் இல்லையேல?"

"இல்லப்பா."

"உள்ள எதுவும் போகாதே?"

"போகாது."

கைப்பிடியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார்.