வாகனத்துக்கு ஒரு பட்சி

சென்ற வாரம் இந்தப் பக்கம் சப்பென்று இருந்ததாக மன்னார்புரத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். "உடம்பு சரியில்லையா?" என்றும் விசாரித்திருக்கிறார். நல்ல மனிதர்.

உடம்புக்கு ஒன்றுமில்லை ஐயா. அதை எழுதும்போது என் மனசு காவேரிக்கு அடியில் கிடந்தது. பக்கத்திலேயே ஒரு காரின் ரேடியேட்டர் மூடியும் கிடந்தது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. நேற்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ரொம்ப நல்லவர்கள். அது வேண்டும், இது வேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள் — ஜானவாசத்துக்குத் திறந்த கார்! மாப்பிள்ளை கழுத்து நிறைய மாலையோடு ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியைச் சுற்றி வரும்போது நாலு பேர் பார்க்க வேண்டாமா?

இந்தக் காலத்தில் திறந்த காருக்கு எங்கே போவது? இப்போது வருகிற கார்களுக்கெல்லாம் தலைக்கு மேல் தகரம். எனக்குத் தெரிந்து திருச்சியில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. எங்கள் குடும்ப டாக்டர், மேலப்புதூர் சவரிமுத்து. உலக யுத்தத்துக்கு முந்தின சீமைக் கார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போனது.

நான் போய் நின்றபோது டாக்டர் குடும்பத்தோடு வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ரயிலில்! கார் இருக்க ரயில் எதற்கு என்கிறீர்களா? அந்தக் கார் தஞ்சாவூர் போவதற்குள் மூன்று இடத்தில் கொதிக்கும். காவேரிப் பாலத்தைத் தாண்டுவதற்கே ஒரு டின் தண்ணீர் குடிக்கும்.

"தாராளமா எடுத்துக்குங்க" என்றார் டாக்டர். "ஆனா சூசைதான் ஓட்டணும். போன மாதிரியே திரும்பி வரணும். ஒரு கீறல் இருந்தாலும் நான் சூசையைத்தான் கேட்பேன்."

சூசை அவருடைய டிரைவர். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். டாக்டர் தங்கமான மனிதர்தான், ஆனால் கறார். ஒரு பாட்டிலில் சீட்டு மாற்றி ஒட்டிய கம்பவுண்டரை அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜானவாசம் ஜோராக நடந்தது. பூக்காரர் காரின் முகத்தையே மறைத்துவிட்டார். அந்த ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு பறவை உண்டு. சிறகை விரித்துக்கொண்டு வெள்ளி மாதிரி மின்னும். சம்பங்கிச் சரங்களின் முடிச்சு அத்தனையும் அதன் கழுத்தில்தான். நாதஸ்வரக்காரர் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்ததில், வழக்கம்போல் கார் கொதித்துவிட்டது. வீட்டு வாசலில் நின்றதும் சூசை மூடியைத் திருகி எடுத்தார். தண்ணீர் ஊற்றினார். கழற்றும்போதே பூச்சரங்கள் முறுக்கிக்கொண்டதால், மறுபடி திருக முடியாமல் மூடியைச் சும்மா வாயில் உட்கார்த்தி வைத்தார். காலையில் பூவைப் பிரித்துவிட்டுத் திருகிக்கொள்ளலாம் என்று அவர் எண்ணம்.

காலையில் முகூர்த்தம் முடிந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை கார்ல கட்டின பூடா அது. கால் படற எடத்துல போட்டுடாதே. காவேரில விட்டுட்டு வா."

நானும் அம்மா பிள்ளையாக, வாடிய பூவை மொத்தமாக வாரிக் கூடையில் அமுக்கி, அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய், பயபக்தியோடு கவிழ்த்தேன். 'தொபுக்' என்று ஒரு சத்தம். சம்பங்கிக்கு இவ்வளவு கனமா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே படியேறினேன். இதைப் பற்றி ஒரு பத்தி எழுதலாமா என்றுகூட யோசித்தேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

திரும்பி வந்தால் சூசை காருக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். முகத்தில் ரத்தமில்லை.

"சார்… பூ எங்க சார்?"

ஆவணிக் காவேரி. கரை முட்டிக்கொண்டு ஓடுகிறது. பரிசல்காரரைக் கேட்டேன். அவர் தண்ணீரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "தையில வாங்க சாமி, தேடிப் பார்ப்போம்" என்றார். டாக்டரோ அடுத்த வாரம் வந்துவிடுவார்!

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டேன். பழைய கார் சாமான் விற்கிறவர் சிரித்தே விட்டார். "அந்த மாடலே நின்னு எத்தனையோ வருஷமாச்சு சார். மூடிக்கு எங்க போறது?" பாலக்கரையில் இரும்புக் கடை இரும்புக் கடையாக ஏறி இறங்கினோம். "லாரி மூடி இருக்கு, தரட்டுமா?" என்றார்கள். டாக்டர் காரில் லாரி மூடி! பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தலையில் கூடையைக் கவிழ்த்த மாதிரி இருக்காதா?

கடைசிக் கடையிலிருந்து திரும்பும்போது சூசை மெதுவாகச் சொன்னார்.

"டாக்டர் கேட்டா நான் தொலைச்சேன்னே சொல்லிடறேன் சார். நீங்க கல்யாண வீட்டுக்காரரு. உங்களுக்கு எதுக்கு சங்கடம்?"

"வேலை?"

"போனா போவுது சார்" என்றார். அப்புறம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "மூணாவது பொண்ணை இந்த வருஷந்தான் ஸ்கூல்ல போட்டேன்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. எறிந்தது நான். வேலை போகப்போவது அவருக்கு. நான்தான் எறிந்தேன் என்று டாக்டரிடம் சொன்னால் போகிறது என்கிறீர்களா? சொல்லலாம். "உங்களை நம்பி விடலையே, சூசையை நம்பித்தானே விட்டேன்" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார். தவிரவும்… எனக்குப் பயமாக இருந்தது. ஒளிப்பானேன்?

வாங்க முடியாவிட்டால் என்ன, செய்துவிட்டால்? திடீரென்று தோன்றியது. எங்கள் ஸ்ரீரங்கத்தில் கோவிந்தசாமிப் பத்தர் இருக்கிறார். கவசம், திருவாசி, விளக்கு என்று பித்தளையில் அவர் செய்யாதது இல்லை. ஆர்டர்கள் குவிந்து கிடக்கும். சைக்கிளில் பறந்துகொண்டே இருப்பார். நான் போனபோதும் பட்டறையில் இல்லை. சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தேன். ரேடியேட்டர் வாயின் அளவுக்கு ஒரு காகித வட்டம் வெட்டி அதோடு குத்தி வைத்தேன்.

இங்கேதான் சனி பிடித்தது. சாதாரண மனுஷன் என்றால் "காருக்கு ஒரு மூடி" என்று எழுதியிருப்பான். நான் எழுத்தாளன் ஆயிற்றே! நல்ல தமிழில் எழுதினேன்: 'வாகனத்தின் முன் நிற்கும் பட்சி ஒன்று. சிறகு விரித்தது. ஒரு சாண் உயரம். அடியில் இந்த அளவுக்குத் தட்டு. மிக அவசரம்.'

நாலாம் நாள் பத்தர் ஆள் அனுப்பினார். சூசையும் நானும் ஓடினோம். துணியை விலக்கி, பித்தளையில் வார்த்து முடித்ததைக் காட்டினார் பாருங்கள்… அடடா! என்ன லட்சணம்! மண்டியிட்டு, சிறகை விரித்து, கூர்மையான மூக்கோடு, நெற்றியில் திருநாமத்தோடு, இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு சாட்சாத் கருடாழ்வார் எழுந்தருளியிருக்கிறார்!

பத்தர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"என்ன சாமி? நாமம் சரியில்லையா?"

"பத்தரே, இது டாக்டர் சவரிமுத்து கார்ல வைக்கிறதுக்கு!"

"காரா?" பத்தர் சீட்டை எடுத்து இன்னொரு தடவை படித்தார். "வாகனம்னுல்ல எழுதியிருக்கு? ஸ்ரீரங்கத்துல உக்காந்துக்கிட்டு வாகனம், பட்சி, சிறகுன்னு எழுதினா நான் என்ன நெனைப்பேன் சாமி? தட்டு எதுக்குன்னு கொஞ்சம் யோசிச்சேன். ஏதோ பல்லக்குல பொருத்தறதுக்குன்னு விட்டுட்டேன்."

அவர் மேல் தப்பே இல்லை. டாக்டர் வர இன்னும் நாலே நாள். பத்தர் கருடாழ்வாரை மரியாதையாக ஓரமாக எழுந்தருளப் பண்ணிவிட்டு, வார்ப்புக்கு மாதிரி பிடிக்க மெழுகை எடுத்தார். "சரி, சொல்லுங்க. உங்க பறவை என்ன பறவை?"

கேட்டாரே ஒரு கேள்வி! நான் பருந்து என்றேன். ஜானவாசத்தன்று படம் எடுத்த போட்டோக்காரர் கொக்கு என்றார். போட்டோவைப் பார்த்தால் ஆயிற்று என்று பார்த்தோம். மாப்பிள்ளையின் கடுக்கன்கூடத் தெளிவாக இருக்கிறது, பறவை இருந்த இடத்தில் சம்பங்கி! என் தங்கை, கல்யாணப் பெண், "புறான்னா அது" என்று சாதித்தாள். எத்தனை வருஷமாக அந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்! கண்ணெதிரே நிற்கிற ஒரு பொருளை, அது தொலைந்துபோகிற வரைக்கும் நாம் யாருமே பார்ப்பதில்லை போலிருக்கிறது. மனிதர்களை மட்டும் பார்க்கிறோமா என்ன?

"நீங்கதானே தினம் தொடச்சீங்க, நீங்க சொல்லுங்க" என்று பத்தர் சூசையைப் பிடித்தார்.

சூசை விழித்தார். "என்ன பறவைன்னு பார்க்கலீங்க. தொடச்சேன், அவ்வளவுதான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு பனியன் துணி இருந்தா குடுங்க" என்றார்.

பத்தர் குத்துமதிப்பாக மெழுகில் ஒரு பறவையைப் பிடித்துக் கொடுத்தார். சூசை துணியை விரலில் சுற்றிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, தினம் காலையில் துடைக்கிற மாதிரியே துடைக்க ஆரம்பித்தார்.

"கழுத்துல இவ்வளவு எடம் இல்லீங்க. கட்டைவிரல் பாதிதான் போவும்."

பத்தர் மெழுகை அப்பினார்.

"இந்த றெக்கைக்கு அடியில துணி மாட்டணும். தெனம் மாட்டும். இதுல வழுக்கிட்டுப் போவுது."

பத்தர் சுரண்டினார்.

"வாலு இன்னும் கூர்மைங்க. ஒருநாள் குத்தி ரத்தம் வந்திருக்கு."

ஒரு பகல் முழுக்க இப்படியே போயிற்று. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் மறுபடியும் நல்ல தமிழ் வந்துவிடுமோ என்று பயம். சாயங்காலம் சூசையின் துணி ஒரு இடத்தில் மாட்டியது. அவர் கண்ணைத் திறந்தார்.

"இதுதான் சார்" என்றார்.

என்ன பறவை? பருந்தும் இல்லை, கொக்கும் இல்லை, புறாவும் இல்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் எனக்கும் தெரிந்தது — இதுதான்!

மறுநாள் வார்த்தார்கள். பாலக்கரை லேத் பட்டறையில் அடியில் மரை வெட்டினார்கள். அந்த மெக்கானிக் காரின் வாயைத் தடவிப் பார்த்து, "இங்கயும் மரை மழுங்கியிருக்கே" என்று அதையும் சீர் பண்ணி, உள்ளே ஒரு தோல் வாஷரும் வைத்துக் கொடுத்தார். சைக்கிள் ஹேண்டில்பாருக்கு முலாம் போடுகிற கடையில் முலாம். எல்லாம் முடிந்து சூசை அதைத் திருகி வைத்தபோது, டாக்டரின் ரயிலுக்கு இரண்டு மணி நேரம்தான் பாக்கி.

அன்று இரவு நான் தூங்கினேன் என்று நினைக்கிறீர்களா?

மறுநாள் காலை வாசலில் ஹாரன். டாக்டரேதான்! பின்னால் சூசை, கையில் வேளாங்கண்ணிப் பொரியும் பேரீச்சம்பழமும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வாதம் பண்ணினார். காப்பி சாப்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. 'அப்பாடா' என்று மூச்சு விடப்போனேன்.

"மூடியை மாத்திட்டீங்க போலிருக்கே?" என்றார்.

பறவையில் தப்பா? வாலா? கழுத்தா?

"எப்படி… எப்படி டாக்டர் தெரிஞ்சுது?"

"பாலத்துல நிக்கலையே! மேலப்புதூர்லேருந்து இங்க வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி சிந்தலை. ஆவி வரலை. என் மூடின்னா பாலம் தாண்டறதுக்குள்ள உஸ்ஸுன்னு கத்தியிருக்குமே?"

சூசை வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன். அம்மா, பூ, கூடை, 'தொபுக்', கருடாழ்வார், பனியன் துணி — மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். "சூசை மேல ஒரு தப்பும் இல்லை டாக்டர். எறிஞ்சவன் நான்" என்று முடித்தேன். இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தெரிகிறது.

டாக்டர் எழுந்து வாசலுக்குப் போனார். காரின் முன்னால் நின்றார். மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த தோல் வாஷரை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"சூசை."

"டாக்டர்."

"தண்ணி சரியா ஊத்தலைன்னு பன்னெண்டு வருஷமா உன்னைத் திட்டியிருக்கேன்ல?"

சூசை தலையைக் குனிந்துகொண்டார்.

"உன் தப்பு இல்லைப்பா. மூடி ஒழுகியிருக்கு. வைத்தியம் பார்க்கிறவன், எனக்குத் தெரியலையே!" என்றார் டாக்டர். அப்புறம் பறவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆமா, இது என்ன பறவை?" என்றார்.

அவரும் பார்த்ததில்லை!

"தெரியலீங்க டாக்டர்" என்றார் சூசை. "ஆனா அதே பறவைதாங்க."

டாக்டர் சிரித்தார் பாருங்கள்… அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பத்து நாள் கழித்து எனக்கு முதன்முதலாகப் பசித்தது. கார் கிளம்பித் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். சூசை வழக்கத்தைவிட ஒரு ஹாரன் கூடவே அடித்தார்.

இந்தக் கருடாழ்வாரை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. பூஜையில் வைக்க அம்மாவுக்குச் சம்மதமில்லை. அடியில் ரேடியேட்டர் தட்டு இருக்கிறதாம். அதனால் இப்போதைக்கு என் எழுது மேஜை மேல் எழுந்தருளியிருக்கிறார். நான் 'வாகனம்' என்று எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், 'வேண்டாம் சுவாமி, கார் என்றே எழுதிவிடும்' என்று இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சுகிறார்!